கூட்டலா, கழித்தலா?

"இதைக் கூட்டணுமா, கழிக்கணுமா?" வீட்டுப்பாடத்தோடு உட்காரும் பிள்ளை முதலில் கேட்பது இதைத்தானே? கணக்கில் 'மீதி' என்ற சொல் இருந்தால் கழித்துவிடும், இல்லாவிட்டால் முழிக்கும். பெரியவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை.

உங்கள் வீட்டு மாத்திரை டப்பாவையே எடுத்துக்கொள்ளுங்கள். தாத்தாவுக்கு ரத்தக்கொதிப்பு. தினம் காலையில் ஒரு மாத்திரை. 1-ஆம் தேதி 30 மாத்திரையோடு ஆரம்பித்தார். 18-ஆம் தேதி இரவு எண்ணினால் 17 இருக்கிறது. "இன்னும் பதினேழு நாளைக்கு வரும்" என்று மூடி வைத்துவிடுகிறோம். எண்ணியது சரி, கேள்விதான் தப்பு. இருக்க வேண்டியது எத்தனை? 30 – 18 = 12. இருப்பதோ 17. 17 – 12 = 5. ஆக, ஐந்து நாள் மாத்திரை உள்ளே போகவில்லை.

இந்த ஐந்து டாக்டருக்குத் தெரியாவிட்டால் என்ன ஆகும்? அழுத்தம் ஏறியிருப்பதைப் பார்த்து, மருந்து போதவில்லை என்று அளவைக் கூட்டக்கூடும். அதைத் தாத்தா ஒழுங்காகச் சாப்பிட ஆரம்பித்தால் அழுத்தம் ரொம்பத் தாழ்ந்து, எழுந்து நிற்கும்போது தலைசுற்றி விழலாம். டப்பாவோடு போய் விவரம் சொல்லுங்கள். விட்டதற்கு ஈடாக ஒரே நாளில் ரெண்டு போட வேண்டாம். (நான் சித்த வைத்தியன்தான். அதற்காக இங்கிலீஷ் மருந்தை நீங்களாக நிறுத்தினால் ஒப்புக்கொள்ள மாட்டேன்.) 17-க்குப் பதில் 9 இருந்தால்? 12 – 9 = 3. போட்டதை மறந்து மறுபடி போட்டிருக்கிறாரா என்று அன்றைக்கே விசாரியுங்கள்.

மருந்துக் கடையில் ஸ்டாக் எடுப்பவர்களுக்கு இது பழகின வேலை. முதல் இருப்போடு வந்த சரக்கைக் கூட்டி, விற்றதைக் கழித்து, அலமாரியில் எண்ணியதோடு ஒத்துப் பார்ப்பார்கள்.

கஷாயத்தில் வேறு வில்லங்கம். "200 மில்லி தண்ணீர் விட்டு 50 மில்லியாகக் காய்ச்சுங்கள்" என்றால், 50 மில்லி வற்றியதுமே சிலர் இறக்கிவிடுகிறார்கள். வற்ற வேண்டியது 200 – 50 = 150. அந்த 'ஆக'வில்தான் கணக்கே இருக்கிறது! பாதியில் இறக்கிய 150 மில்லியில் 50 மில்லி குடித்தால், மருந்தில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் கிடைக்கும்.

இப்போது நீங்கள் போடுங்கள். பாட்டிக்குக் காலை ஒன்று, இரவு ஒன்று. வாங்கியது 60 மாத்திரை. 22 நாள் முழுசாக முடிந்தது. டப்பாவில் 19 இருக்கிறது. எத்தனை வேளை தவறியது? 60-இல் 22-ஐக் கழித்துவிடாதீர்கள். நாளை முதலில் மாத்திரையாக மாற்றுங்கள். விடை: 3.