புதுக் கணினி, பழைய இன்டர்ஃபேஸ்: எந்த டிரைவர், எந்த பஃபர்?

ஸ்டூடியோவுக்குப் புதுக் கணினி வந்ததும் வேலை பறக்கும் என்றுதான் எல்லோரும் எதிர்பார்க்கிறோம். ஆனால் முதல் ரெக்கார்டிங்கிலேயே பாடுபவருக்குத் தன் குரல் ஹெட்போனில் பிந்திக் கேட்கிறது. நடுநடுவே டிக் டிக் என்று சத்தம் விழுகிறது. உடனே இன்டர்ஃபேஸ் மீது பழி போட்டுப் புதிதாக ஒன்று வாங்கக் கிளம்பிவிடுகிறார்கள். அந்தச் செலவுக்கு முன் அமைப்புகளைப் பாருங்கள். பழைய கணினியில் ஆண்டுக்கணக்கில் சீராக்கி வைத்தவை எதுவும் புதியதற்குத் தானாக வந்து சேர்வதில்லை.

விண்டோஸில் முதலில் தீர்மானிக்க வேண்டியது டிரைவர். இன்டர்ஃபேஸ் தயாரித்த நிறுவனமே தரும் ஆசியோ டிரைவர் ஒரு வழி. ஆசியோ என்பது ஸ்டைன்பெர்க் நிறுவனம் 1997-இல் கொண்டுவந்த முறை. விண்டோஸின் சொந்த மிக்ஸரைத் தொடாமல் ஒலியை நேராக மென்பொருளுக்குக் கொண்டுபோகும். இரண்டாவது வழி ஆசியோ4ஆல் போன்ற பொது டிரைவர்கள். இவை விண்டோஸின் டிரைவர் மேலேயே அமர்ந்துகொண்டு, மென்பொருளிடம் ஆசியோவாகத் தோன்றுபவை. கியூபேஸும் எஃப்எல் ஸ்டூடியோவும் கூடத் தங்களுக்கென்று ஒரு பொது டிரைவரோடு வருகின்றன. மூன்றாவது, விஸ்டா காலத்திலிருந்து விண்டோஸிலேயே இருக்கும் வாசாபி.

நான் சிபாரிசு செய்வது தயாரிப்பாளரின் டிரைவரைத்தான். குழப்பம் வருவதற்குக் காரணம், பொது டிரைவரிலும் சத்தம் வந்துவிடுகிறது என்பதே. மென்பொருளை நிறுவியதும் அது தன் டிரைவரைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளும், பாட்டு கேட்கும், எல்லாம் சரி என்று விட்டுவிடுவோம். ரெக்கார்டிங் தொடங்கிய பிறகுதான் தாமதம் தெரியும். ஆகவே நிறுவனத்தின் தளத்தில் உங்கள் மாடலுக்கும் விண்டோஸ் 11-க்கும் உரிய டிரைவரை இறக்கி நிறுவுங்கள். நிறுவும்போது இன்டர்ஃபேஸைக் கழற்றி வைப்பது நல்லது. பிறகு கணினியை ஒருமுறை மறுதொடக்கம் செய்து, இன்டர்ஃபேஸை இணைத்து, மென்பொருளின் ஆடியோ அமைப்பில் அந்த டிரைவரின் பெயரே இருக்கிறதா என்று பாருங்கள். நிறுவனம் டிரைவர் கொடுப்பதை நிறுத்திவிட்ட பழைய மாடல் என்றால், ஆசியோ4ஆலோ வாசாபியோ போட்டு மிக்ஸிங் வரை ஓட்டலாம். குரல் எடுப்பதையே பிழைப்பாகக் கொண்டவர்கள் அந்த நிலையில் புதிய இன்டர்ஃபேஸுக்குப் பணம் செலவழிக்கத் தயங்க வேண்டாம்.

மேக்கில் இந்தத் தேர்வு பெரும்பாலும் இல்லை. கோர் ஆடியோ ஒன்றே. பல யூஎஸ்பி இன்டர்ஃபேஸ்கள் டிரைவர் இல்லாமலே ஓடும். சிக்கல் ஃபயர்வயர் வைத்திருப்பவர்களுக்குத்தான். மேக்ஓஎஸ் டஹோவில் ஃபயர்வயர் ஆதரவே நீக்கப்பட்டுவிட்டது. அடாப்டர் மேல் அடாப்டராக மாட்டிப் போராடுவதைவிட, அந்த இன்டர்ஃபேஸைப் பழைய கணினியோடு ஒரு தனி ரெக்கார்டிங் செட்டாக விட்டுவிட்டு, புதியதற்கு யூஎஸ்பி வாங்குவது மேல்.

அடுத்தது பஃபர். இதில் எல்லா வேலைக்கும் பொருந்தும் ஓர் எண்ணைத் தேடாதீர்கள். 48 கிலோ ஹெர்ட்ஸில் 64 சாம்பிள் என்றால் 1.3 மில்லி விநாடி தாமதம்; 128-க்கு 2.7, 256-க்கு 5.3, 1024-க்கு 21.3. இது ஒரு வழிக் கணக்கு. குரல் உள்ளே போய் வெளியே வர இரண்டு மடங்கும், இன்டர்ஃபேஸின் உள்வேலைக்கு இன்னும் கொஞ்சமும் ஆகும். காற்றில் ஒலி ஒரு மீட்டர் கடக்கவே ஏறக்குறைய 3 மில்லி விநாடி பிடிக்கும். எனவே பத்து மில்லி விநாடிக்குள் இருந்தால் கீபோர்டு வாசிப்பவர் பெரும்பாலும் பொறுத்துக்கொள்வார். ஆனால் பாடுபவர் பொறுக்க மாட்டார். தன் தொண்டையிலிருந்து எலும்பு வழியே கேட்கும் குரலும் ஹெட்போன் குரலும் மோதிக்கொள்ளும், சுருதி தடுமாறும்.

அதனால் குரலுக்கு 32, 64 என்று பஃபரை இறக்கிக்கொண்டே போவதைவிட, இன்டர்ஃபேஸில் உள்ள டைரக்ட் மானிட்டர் வசதியைப் போடுவதே சிறந்தது. குரல் கணினிக்குள் போகாமலே ஹெட்போனுக்கு வரும். பஃபர் எவ்வளவு இருந்தாலும் கவலையில்லை. மென்பொருளில் அந்த டிராக்கின் மானிட்டரை மட்டும் நிறுத்திவிடுங்கள். இல்லையென்றால் குரல் இரண்டாகக் கேட்கும். குறை ஒன்று உண்டு: ரிவெர்ப் இல்லாமல் வறண்ட குரல்தான் கேட்கும், சில பாடகர்களுக்கு அது பிடிக்காது. அவர்களுக்காக 128 வைத்து, கனமான பிளகின்களை அணைத்துவிட்டு எடுங்கள். மிக்ஸிங்குக்கு வந்ததும் 512 அல்லது 1024-க்கு ஏற்றிவிடுங்கள்.

சாம்பிள் ரேட்டில் தவறு நேர்ந்தால் காதே சொல்லிவிடும். 44.1-இல் எடுத்த பாட்டு 48-இல் ஓடினால் வேகம் ஒன்பது சதவீதம் அளவு கூடும். ஐந்து கட்டையில் பாடியவர் ஐந்தே முக்கால் கட்டையில் பாடியது போலிருக்கும். சினிமா, வீடியோ வேலைக்கு 48 போதும். பழைய புராஜெக்ட்டுகளை அவை எடுக்கப்பட்ட ரேட்டிலேயே திறந்து முடியுங்கள். ஆப்டிகல் கேபிளில் ப்ரீஆம்ப் இணைத்திருப்பவர்கள் கிளாக் அமைப்பையும் பார்க்க வேண்டும். இரண்டு பெட்டிகளும் தத்தம் கிளாக்கில் ஓடினால் டிக் சத்தம் நிற்கவே நிற்காது.

கிளாக்கும் பஃபரும் சரியாக இருந்தும் சத்தம் வந்தால், ஹப்பை எடுத்துவிட்டு இன்டர்ஃபேஸை மதர்போர்டின் பின்பக்க யூஎஸ்பியில் நேராகச் செருகுங்கள். பவர் அமைப்பை ஹை பெர்ஃபாமன்ஸுக்கு மாற்றி, யூஎஸ்பி செலக்டிவ் சஸ்பென்ட் என்பதை அணையுங்கள். வைஃபையை நிறுத்திப் பாருங்கள். எந்த டிரைவர் இடறுகிறது என்று லேட்டன்சிமான் என்ற இலவச மென்பொருள் காட்டிக்கொடுக்கும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ஐந்தையும் ஒன்றாக மாற்றினால் எது தீர்த்தது என்று தெரியாமலே போகும். மைக் சிக்னல் மென்பொருளுக்கு வரவே இல்லையென்றால், விண்டோஸிலும் மேக்கிலும் பிரைவசி பகுதியில் மைக்ரோஃபோன் அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள்.

பழைய கணினி இன்னும் கையில் இருந்தால், அதன் டிரைவர் பதிப்பு, பஃபர், கிளாக், இன்புட் ரூட்டிங் ஆகியவற்றைப் போனில் படம் எடுத்து வையுங்கள். கையிலுள்ள பாடல்களின் மிக்ஸ் முடிந்து ஒப்படைக்கும்வரை அதை விற்கவோ அழிக்கவோ வேண்டாம்.