வியர்க்க வியர்க்க யோகா!

யோகா என்றதும் விரித்த ஜமுக்காளமும் மூடிய கண்களும்தானே உங்களுக்கு ஞாபகம் வரும்? 2002-ல் அமெரிக்காவின் டென்வர் நகரில் ட்ரெவர் டைஸ் தொடங்கிய 'கோர்பவர் யோகா'வில் கதையே வேறு. பல வகுப்புகளில் அறையை வேண்டுமென்றே சூடாக்கி, பாட்டைப் போட்டு, சிலவற்றில் கையில் டம்பெல்ஸையும் கொடுத்துவிடுகிறார்கள்! 'ஜிம்முக்குப் போன மாதிரியும் ஆச்சு, யோகா செய்த மாதிரியும் ஆச்சு' என்று கூட்டம் சேர, கிளைகள் 200-ஐத் தாண்டிவிட்டன.

இந்த வேக யோகாவின் வேர் நம் பக்கத்து மைசூர்தான். கிருஷ்ணமாச்சாரியாரிடம் படித்த பட்டாபி ஜோயிஸின் அஷ்டாங்க முறை அது. மூச்சோடு சேர்த்து ஆசனம் மாற்றி ஆசனம் போய்க்கொண்டே இருக்க வேண்டும். இதயத் துடிப்பு கூடும், வியர்வை கொட்டும்.

'கொழுப்பு கரைஞ்சுடுச்சு' என்று உடனே சந்தோஷப்படாதீர்கள். வியர்வையில் போனது தண்ணீர். குடித்ததும் அந்த எடை திரும்பிவிடும். சூட்டில் தசை இளகுவதால், அளவுக்கு மீறி வளைந்து சுளுக்கிக்கொள்ளவும் வாய்ப்புண்டு. கர்ப்பிணிகள், இதய நோயாளிகள், ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் சூடான அறைப் பக்கமே போக வேண்டாம். தலை சுற்றினால், மாஸ்டர் என்ன சொன்னாலும் சரி, வெளியே வந்து உட்கார்ந்துவிடுங்கள்.