அட்மின் இல்லாமலே மெயிலை வழி மாத்தலாம்

பிளேஸ்மென்ட் சீசன் வந்தாச்சு. காலேஜ் ஐடிக்கு வர்ற மெயில்ல பாதி கிளப் போஸ்டர், மீதி சர்க்குலர். அதுக்கு நடுவுல "இன்று மாலை 5 மணிக்குள் ஃபார்ம் நிரப்பவும்"னு ஒண்ணு வரும். சொந்த ஜிமெயிலை மட்டும் போன்ல வெச்சிருக்கிற ஆளு கெங்கவல்லி பஸ்ல இருந்து இறங்கி, லேப்டாப்பைத் திறக்கும்போது மணி 7 ஆயிருக்கும். கேட்டா "அட்மின் பர்மிஷன் வேணும்"பாங்க. எல்லாத்துக்கும் வேண்டாம்.

யூனிக்ஸ்ல ஒரே மெஷினைப் பல பேர் பகிர்ந்துக்கிட்ட காலத்துலயே இதுக்கு வழி இருந்துச்சு. ரூட் பாஸ்வேர்டு தேவையில்லை. ஹோம் டைரக்டரியில, புள்ளியில தொடங்குற 'ஃபார்வர்ட்'ங்கிற ஃபைல்ல வேற முகவரியை எழுதி வெச்சா, சென்ட்மெயில் அங்கே அனுப்பிடும். 1990ல வந்த புரோக்மெயில், யார் அனுப்பினது, சப்ஜெக்ட் என்னன்னு பார்த்துப் பிரிக்கவும் செஞ்சது. ஆனா அதுல வேற புரோகிராமையும் ஓட வைக்கலாம். சர்வரைப் பார்த்துக்கிறவருக்கு வயித்துல புளியைக் கரைக்கும். அதனால சீவ் மொழியை (ஆர்எஃப்சி 5228, 2008) வேணும்னே குறைச்சு செஞ்சாங்க. லூப் கிடையாது, வெளி புரோகிராமைக் கூப்பிட முடியாது. சக்தியைக் குறைச்சதாலதான் யூசர் கையில தைரியமா கொடுக்க முடிஞ்சது. எனக்கு இதுல ரொம்பப் பிடிச்ச விஷயமே அதுதான்.

உங்க காலேஜ் ஐடி ஜிமெயில்ல ஓடுதுன்னா, செட்டிங்ஸ்ல ஃபார்வர்டிங் பகுதிக்குப் போய் சொந்த முகவரியைச் சேருங்க. அந்த முகவரிக்கு ஒரு கோட் வரும், அதை உறுதி பண்ணுங்க. மொத்தத்தையும் அனுப்பாதீங்க, பிளேஸ்மென்ட் செல் முகவரிக்கு மட்டும் ஒரு ஃபில்டர் போதும். இனி வர்ற மெயில்தான் போகும், பழசு போகாது. முதல் ரெண்டு நாள் ஸ்பேமையும் பாருங்க: ஃபார்வர்டாகி வர்ற மெயில், அனுப்பினவரோட சர்வர்ல இருந்து நேரா வராததால எஸ்பிஎஃப் சோதனையில தோத்துப்போகலாம்.

அந்த ஆப்ஷனே காணோம்னா அட்மின் பூட்டியிருக்காருன்னு அர்த்தம். ஸ்கிரிப்ட் எழுதி சுத்திப் போகலாம்னு யாராவது சொல்வாங்க; வேண்டாம். பூட்டுறதுக்குக் காரணம் இருக்கு. அக்கவுண்டுக்குள்ள புகுந்த திருடன் சத்தமில்லாம ஒரு ஃபார்வர்ட் ஃபில்டரைப் போட்டுட்டா, நீங்க பாஸ்வேர்டை மாத்தினாலும் அது ஓடிக்கிட்டே இருக்கும். (உங்க ஃபில்டர் லிஸ்ட்டையும் ஒருதடவை பார்த்துடுங்க.) அதுக்குப் பதிலா காலேஜ் ஐடியை போன்ல சேர்த்து, ஃபில்டர் வழியா ஒரு லேபிள் ஒட்டுங்க. ஆண்ட்ராய்டுல அந்த லேபிளை சிங்க் பண்ணி, அதுக்கு மட்டும் நோட்டிஃபிகேஷன் வைக்கலாம்.

ஃபைனல் இயர் மக்களே, ஐடியை மூடினா ஃபார்வர்டும் நின்னுடும். லிங்க்ட்இன், நௌக்ரி எல்லாத்துலயும் இப்பவே சொந்த முகவரிக்கு மாத்திடுங்க.