சட்டம் கற்பிக்கும் ஆசிரியர்

சாலைக் கடைத்தெருவில் பொருளுக்கு விலை பேசி முடித்தவுடன் ஓர் ஒப்பந்தம் உருவாகிறது. அதில் பூசல் எழுந்தால் வழக்கறிஞர் நீதிமன்றத்தில் வாதிடுவார். அவருக்குச் சட்டம் கற்பிப்பவரே சட்டப் பேராசிரியர்.

திருவனந்தபுரத்தில் 1935-இல் பிறந்த மாதவ மேனன், வழக்கறிஞராகத் தொடங்கி, அலிகர், தில்லிப் பல்கலைக்கழகங்களில் சட்டம் கற்பித்தார். பின்னர், பெங்களூருவில் தேசியச் சட்டப் பள்ளியை உருவாக்கினார். பன்னிரண்டாம் வகுப்பு முடித்தோர் அங்கு ஐந்தாண்டுச் சட்டப் படிப்பில் சேர்ந்தனர். நூலறிவு மட்டும் போதாது. ஏழைகளின் குறைகேட்டுச் சட்ட உதவி செய்யும் பயிற்சியும் மாணவர்க்கு வேண்டும் என்பது அவர் கொள்கை.

இப்பணியை விரும்புவோர் இளநிலைச் சட்டப் பட்டமும், அதன்பின் முதுநிலைச் சட்டப் பட்டமும் பெறுதல் வேண்டும். தேசியத் தகுதித் தேர்வில் வென்றோர் உதவிப் பேராசிரியர் பணிக்கு விண்ணப்பிக்கலாம். முனைவர் பட்ட ஆய்வு மேலும் உயர வழிசெய்யும்.

வீட்டில் தமிழும் தெருவில் மலையாளமும் வகுப்பில் ஆங்கிலமும் பேசும் உங்களுக்கு, கேட்போர்க்கு விளங்குமாறு ஒன்றை எடுத்துரைப்பது புதிதன்று. சட்ட ஆசிரியர்க்கு வேண்டிய முதல் திறனும் அதுவே.

பயிற்சி
1. மாணவர்க்கு நூலறிவுடன் வேறு எப்பயிற்சி வேண்டும் என மாதவ மேனன் கருதினார்?
2. சட்ட ஆசிரியராவதற்குரிய படிநிலைகளை வரிசைப்படுத்தி எழுதுக.