துடைக்காமல் கொடுங்கள்

பழைய மருந்துக்கடைக் கண்ணாடி ஜாடி வாங்கப் போகிறீர்களா? விலை பேசுவதற்கு முன்பே கடைக்காரரிடம் சொல்லிவிடுங்கள்: "துடைக்காமல் அப்படியே கொடுங்கள்."

நான் முன்பணம் கொடுத்திருந்த ஜாடி தடித்த கண்ணாடி. கறுப்புக் கரையிட்ட தங்கப் பட்டையில் 'பல்வ். ரியை' என்று லத்தீன் சுருக்கெழுத்து. ரேவல்சின்னித் தூள் வைத்திருந்த ஜாடி அது. எடுக்கப் போன அன்று பழம்பொருள் வியாபாரி பெருமையாக நீட்டினார்; பளபளவென்றிருந்தது, எழுத்தைக் காணோம். "அழுக்கு ஏறிக் கிடந்துச்சும்மா, ஆசிட் ஊத்தி இரும்பு நாரால தேய்ச்சுட்டேன்." அந்த எழுத்து கண்ணாடியின் வெளிப்பக்கம் பெயிண்டும் தங்கத்தாளும் வைத்து எழுதியது. சூளையில் சுட்டு ஏற்றிய எழுத்தாக இருந்தால் ஒருவேளை தப்பியிருக்கலாம். முன்பணத்தையும் அவர் திருப்பித் தரவில்லை. "ஜாடி முழுசாத்தானே இருக்கு" என்றார். எழுத்து போனால் அது வெறும் மிட்டாய் ஜாடி. காலமெல்லாம் இதே தொழில் செய்கிறவருக்கு இது தெரியாதா? எனக்கு இன்னும் ஆறவில்லை.

எழுத்தின் மேல் தண்ணீர் படவே கூடாது. மெல்லிய தூரிகையால் தூசி தட்டினால் போதும். உட்புறத்துக்கு வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரோடு ஒரு பிடி அரிசி போட்டுக் குலுக்குங்கள். கண்ணாடி மூடி இறுகியிருந்தால் திருகாதீர்கள். விளிம்பில் எண்ணெய் விட்டு இரவு முழுக்க விட்டுவையுங்கள். மூடியையும் ஜாடியையும் ஒன்றோடொன்று தேய்த்துப் பொருத்தியிருப்பார்கள். வேறு மூடி சேராது.

"இவ்வளவு காசு போட்டு வாங்கி, ஊறுகாய்கூடப் போட முடியாதா?" என்று என் நாத்தனார் இன்றும் கேட்கிறார். முடியாது. பாதரசமும் ஈயமும் ஆர்சனிக்கும் சேர்ந்த மருந்துகள் அந்தக் காலத்தில் சாதாரணம். மூடியின் சொரசொரப்பில் என்ன தங்கியிருக்கிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. மஞ்சாடி விதையோ சோழியோ போடுங்கள், அழகாக இருக்கும். வரிவரியாகப் புடைத்த நீலப் புட்டி கிடைத்தால் காலியாகவே வையுங்கள்; இருட்டிலும் தடவிப் பார்த்து விஷம் என்று தெரிந்துகொள்ளத்தான் இங்கிலாந்தில் அப்படிச் செய்தார்கள்.

ஒளி பட்டால் கெடும் மருந்துகளுக்கென்றே வந்தது பழுப்புக் கண்ணாடி. உங்கள் கூடத்துக் கிழக்கு ஜன்னலில் அதை வையுங்கள், காலை வெயிலில் கூடமே தேன் நிறமாகும். நிறமற்ற உருண்டை ஜாடியில் மட்டும் தண்ணீர் ஊற்றி அங்கே வைக்காதீர்கள். அது வெயிலைக் குவித்துத் திரைச்சீலையைப் பொசுக்கிவிடும். எழுத்துள்ளவை வெயில் படாத சுவரலமாரிக்குப் போகட்டும். அந்தத் தட்டை மட்டும் வேலைக்கு வருகிறவரிடம் விடாதீர்கள். எங்கள் வீட்டில் அதை நான்தான் துடைக்கிறேன்.