பழைய கணிப்பொறியும் புதிய விண்டோஸும்

வீட்டுக் கணிப்பொறியிலேயே கடைக் கணக்கையும் எழுதும் வணிகப் பெருமக்கள் நம்மில் பலர். அதில் ஓடும் விண்டோஸ் 10க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் தருவதை மைக்ரோசாஃப்ட் கம்பெனி 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. தனியே பதிவு செய்துகொண்டவர்களுக்கு மட்டும் ஓராண்டு நீட்டிப்பு கொடுத்தது. “மிஷின் நன்றாகத்தானே ஓடுகிறது?” என்று உறுப்பினர்கள் கேட்கிறார்கள். ஓடும். ஆனால் 2017 மே மாதம் வான்னாகிரை என்ற வைரஸ் உலகெங்கும் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டபோது, அதற்கான திருத்தம் மார்ச் மாதமே வந்திருந்தது. அதைப் போடாமல் விட்டவர்களே பெரும்பாலும் மாட்டினார்கள்.

விண்டோஸ் 11க்கு 4 ஜிபி நினைவகம், 64 ஜிபி இடம், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி ஆகியவை வேண்டும். இன்டெல்லில் 8ஆம் தலைமுறைக்கு முந்தியவை பெரும்பாலும் தேறா. எங்கள் அனுபவத்தில் 8 ஜிபி இல்லாமல் வேலை நகராது. மைக்ரோசாஃப்டின் ‘பிசி ஹெல்த் செக்’ புரோகிராமை ஓட்டினால் உங்கள் மிஷின் தேறுமா என்று அதுவே சொல்லும். சிலவற்றில் டிபிஎம் இருந்தும் அணைத்து வைக்கப்பட்டிருக்கும். அதைப் போட்டாலே போதும். யாரோ சொன்னார் என்று புது மிஷினுக்குப் பணம் கட்டிவிட வேண்டாம். முறையான விண்டோஸ் 10 வைத்திருப்பவருக்கு 11 இலவசம்தான்.

லினக்ஸும் இலவசம். சென்னை சிடாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ், அரசு மாணவர்களுக்குத் தந்த மடிக்கணினிகள் பலவற்றில் இருந்தது. பிள்ளைகள் படிக்க, ஜிஎஸ்டி தளத்தைத் திறக்க அது போதும். டேலி விண்டோஸுக்கென்று செய்தது; ஆகவே டேலியில் கணக்கெழுதுபவர் லினக்ஸுக்கு மாறுமுன் யோசிக்க வேண்டும்.

இனி நாங்கள் பட்டதைச் சொல்கிறோம். 2020 ஜனவரியில் விண்டோஸ் 7க்கு ஆதரவு நின்றதும், மாற்றித் தர ஒருவரை அழைத்தோம். “கணக்கெல்லாம் டி டிரைவில்தானே இருக்கு?” என்றார். கல்லாவில் ஆள் நின்றதால் திரும்பிப் பாராமலே “ஆமாம்” என்றோம். இருந்தது சி டிரைவில். அவர் ஃபார்மட் செய்துவிட்டார். மூன்று மாதப் பற்று வரவு போயிற்று. சிட்டைகளை வைத்துக்கொண்டு இரவு இரவாக உட்கார்ந்து பேரேட்டை மறுபடி எழுதினோம். சிட்டை இல்லாத பாக்கியைக் கேட்டபோது சிலர் பேசாமல் இருந்துவிட்டார்கள். தேவதானத்துச் சில்லறைக் கடைக்காரர் ஒருவர் மட்டும், எங்களுக்கே நினைவில்லாத நாலாயிரத்தை, “அண்ணாச்சி, துவரம்பருப்புப் பாக்கி இருக்குல்ல” என்று தாமே கொண்டுவந்து கொடுத்தார்.

அப்கிரேடு வேறு, ஃபார்மட் வேறு. 10இலிருந்து 11க்கு அப்கிரேடு செய்தால் கோப்புகள் அப்படியே இருக்கும். ஃபார்மட் செய்தால் எல்லாம் அழியும். எதுவானாலும் முதலில் கணக்கைப் பென் டிரைவில் எடுத்து, வேறொரு கணிப்பொறியில் திறந்து, நிலுவைத் தொகை ஒத்துவருகிறதா என்று பாருங்கள். 20ஆம் தேதி ஜிஎஸ்டி 3பி கட்டி முடித்தபின் தொடங்குவது நல்லது. அன்றே ஒரு பில் அடித்துப் பிரிண்டரைச் சோதியுங்கள். சரிவராவிட்டால் 10 நாளுக்குள் பழைய விண்டோஸுக்கே திரும்பலாம்.