ஜகாத் கணக்கும் வகைவாரிக் கூட்டலும்

ஜகாத் கொடுக்கும் எண்ணம் நம்மில் பலருக்கு உண்டு. ஆனால் மனக்கணக்காகப் போட்டு, "ஏதோ இவ்வளவு இருக்கும்" என்று கொடுத்து விடுகிறோம். ஜகாத் நாம் விரும்பித் தரும் நன்கொடை அன்று. நம் பொருளில் ஏழைகளுக்குரிய ஹக்கு. பிறர் உரிமையை உத்தேசமாகக் கொடுப்பது முறையாகுமா?

எல்லாவற்றையும் ஒரே தொகையாகக் கூட்டினாலும் போதாது. ரொக்கத்திலும் வியாபாரச் சரக்கிலும் நாற்பதில் ஒரு பங்கு. மழையால் விளைந்த நெல்லில் பத்தில் ஒன்று. இறைத்துப் பாய்ச்சியதில் இருபதில் ஒன்று. அதுவும் அறுவடையின் போதே கடமையாகி விடும். ஆண்டு நிறைய வேண்டியதில்லை. பெண்கள் வழக்கமாக அணியும் நகைக்கு ஹனபீ மத்ஹபில் ஜகாத் உண்டு. ஷாபிஈ மத்ஹபில் இல்லை. ஆகவே ஒவ்வொன்றையும் வகை பிரித்தே கூட்ட வேண்டும்.

இன்று பல வீடுகளில் கணினி இருக்கிறது. எக்ஸெல் தாளில் முதல் பத்தியில் வகை, இரண்டாவதில் விவரம், மூன்றாவதில் தொகை என்று எழுதி வாருங்கள். பிறகு 'சம்இஃப்' எனும் சூத்திரத்திற்கு மூன்று செய்திகளை வரிசையாகச் சொல்ல வேண்டும்: எந்தப் பத்தியில் தேடுவது, எந்தச் சொல்லைத் தேடுவது, எந்தப் பத்தியைக் கூட்டுவது. 'சரக்கு' என்று சொன்னால், அந்தச் சொல் உள்ள வரிகளின் தொகையை மட்டும் அது கூட்டித் தரும்.

ஓர் உதாரணம். ஒருவரிடம் ரொக்கம் 3,00,000 ரூபாய், சரக்கு 12,00,000, திரும்பி வரும் என்று உறுதியான கடன் 1,00,000 இருக்கின்றன. நிஸாபை எட்டி ஆண்டும் நிறைந்து விட்டது. மொத்தம் 16,00,000, ஜகாத் 40,000 ரூபாய்.

இங்கே ஓர் எச்சரிக்கை. 80,000 ரூபாய்ச் சரக்கு வரி ஒன்றில், 'சரக்கு' என்பதன் பின்னே ஓர் இடைவெளி கூடுதலாக விழுந்து விட்டால், கணினி அதை வேறு சொல்லாகக் கருதி விட்டு விடும். ஜகாத் 38,000 என்று வரும். கண்ணுக்குத் தெரியாத ஓர் இடைவெளியால் ஏழையின் 2,000 ரூபாய் நம்மிடமே தங்கி விடும்!

இதைக் கண்டுபிடிக்க வழி எளிது. தொகைப் பத்தி முழுவதையும் தனியே கூட்டுங்கள். வகைத் தொகைகளின் கூட்டுத்தொகையும் அதுவும் ஒத்திருக்க வேண்டும். ஒத்து வராவிட்டால் ஏதோ ஒரு வரி விடுபட்டிருக்கிறது. தொகையை வெறும் எண்ணாகவே எழுதுங்கள். 'ரூபாய்' என்று சேர்த்துத் தட்டினால் அது எழுத்தாகி, இரு கூட்டலிலும் சேராது. இந்தச் சோதனையிலும் அகப்படாது.

கணினி கூட்டித் தரும்; எது எந்த வகை என்று அதற்குத் தெரியாது. ஐயமிருந்தால் உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுத் தெளிந்து கொள்ளுங்கள்.

கணக்குக் கேட்கப்படும் நாளுக்கு முன் நம் கணக்கை நாமே சரிபார்த்துக் கொள்ள அல்லாஹ் அருள் புரிவானாக! ஆமீன்.